ஆகாய விமானத்தின் பாரமும் சமநிலையும்

கொழும்புத் துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனை வீதிகளிலே முன்னாளிற் பெரும்பாரங்களைச் சுமந்து சென்றவை மாட்டுவண்டிகளே. கப்பலில் வந்திறங்கிய அரிசி மூடைகளும் பிற பண்டங்களும் அவ்வண்டிகளிலேயே புறக்கோட்டைக் கடைகளைச் சென்றடைந்தன. வண்டிக்காரன் மூடைகளை எண்ணி ஏற்றிய அளவில் அமைந்துவிடுவதில்லை. முன்பாரம் எவ்வளவு, பின்பாரம் எவ்வளவு என்று பார்ப்பான். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தாலோ வண்டியின் பின்புறம் தாழ, நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். பாரம் அச்சையொட்டி ஒத்து நின்றாலன்றி வண்டி செவ்வனே நகராது. மூடைகளின் தொகை ஒன்றேயாயினும், அவை வைக்கப்பட்ட இடம் மாறினால் விளைவும் மாறிவிடுகிறது.

எழுத்தறியாத வண்டிக்காரனும் அறிந்திருந்த இவ்வுண்மையே, எழுபது தொன் நிறையுடைய போர் விமானமொன்று வானில் எழுவதற்கு முன் செய்யப்படும் கணக்கிற்கும் அடிப்படையாகும். வண்டியிற் பாரம் பிழைத்தால் மாடு நின்றுவிடும். வண்டிக்காரன் இறங்கி மூடைகளை மாற்றி அடுக்கலாம். விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்த பின்னர் நிற்கவும் இயலாது. இறங்கி மாற்றவும் இயலாது. ஆதலின் அக்கணக்கு நிலத்திலேயே முற்றாக முடிக்கப்படல் வேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் சென்றால் தெகிவளை, கல்கிசை ஆகியவற்றைக் கடந்து இரத்மலானையை அடையலாம். 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சென்னையிலிருந்து வந்த சிறிய விமானமொன்று அங்குள்ள ஓடுபாதையில் முதன்முதலாக இறங்கியது. 1942 ஏப்பிரல் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அவற்றை எதிர்த்த போர் விமானங்கள் எழுந்த இடங்களுள் அதுவும் ஒன்று. பின்னர் இலங்கை விமானப்படையின் பாரந்தூக்கும் விமானங்களும் அவ்விடத்தைப் பயன்படுத்தின. அவற்றுள் மிகப் பெரியது ஹேர்க்குலிஸ் எனப்படும் சீ-130 விமானம். நான்கு இயந்திரங்களையுடைய இவ்வகை விமானம் 1954ஆம் ஆண்டு அமெரிக்காவிலே முதன்முதற் பறந்தது. பிரித்தானிய வான்படை பயன்படுத்திய ஹேர்க்குலிஸ் விமானங்கள் சில, இருபதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி இலங்கை விமானப்படையின் கைக்கு வந்தன.

இவ்விமானத்தின் வயிற்றுப்பகுதி ஏறத்தாழப் பன்னிரண்டு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமும் உள்ள ஓர் அறை எனலாம். அதன் பின்புறம் திறந்து கீழே சாயும். லொறியொன்றை அச்சாய்தளத்தின் மீதேறி நேரே உள்ளே ஓட்டிச் செல்லலாம். படைவீரராயின் தொண்ணூற்றிருவர் வரை அமரலாம். வெறுமையான விமானம் ஏறத்தாழ முப்பத்து நான்கு தொன். எரிபொருளும் சுமையும் சேர, அது தரையை விட்டு எழும்போது எழுபது தொன்னை அடையலாம். தன் சொந்த நிறைக்கு ஏறத்தாழச் சமமான மற்றொரு நிறையை அது தாங்கிச் செல்கிறது. அந்த மற்றொரு நிறை எங்கே வைக்கப்படுகிறது என்பதே அறியவேண்டிய வினா.

எந்தப் பொருளுக்கும் அதன் முழு நிறையும் ஒருங்கே குவிந்து நிற்பதாகக் கொள்ளத்தக்க ஓர் இடம் உண்டு. அதனைப் புவியீர்ப்பு மையம் என்பர். ஒரு கோலை விரலின் மீது வைத்துச் சாயாமல் நிறுத்த முயலும் சிறுவன் தேடுவது அவ்விடத்தையே. பறக்கும் விமானத்தைத் தாங்கும் விரல், இறக்கைகளின் மீது காற்று உண்டாக்கும் தூக்குவிசையாகும். அவ்விசை செயற்படும் இடத்தை ஒட்டியே விமானத்தின் புவியீர்ப்பு மையமும் அமைதல் வேண்டும். சிறிது முன்னே நிற்கலாம். சிறிது பின்னேயும் நிற்கலாம். எவ்வளவு முன், எவ்வளவு பின் என்பதை விமானத்தைச் சமைத்தவர்கள் ஆராய்ந்து எல்லை வகுத்துள்ளனர். முப்பது மீற்றர் நீளமுள்ள விமானத்திற்கும் அவ்வெல்லைகளுக்கு இடைப்பட்ட தூரம் ஒரு மீற்றருக்கு உட்பட்டதாகவே இருக்கும்.

அவ்வெல்லையை மீறினால் நேர்வது யாது? மையம் முன்னே மிகுந்து சென்றால் விமானத்தின் மூக்கு தாழ முயலும். அதனை உயர்த்துவதற்கு வாற்பகுதியில் உள்ள அசையும் தகடுகள் ஓயாது போராட வேண்டும். எழுவதற்கு நீண்ட ஓடுபாதை தேவைப்படும், எரிபொருள் வீணாகும், இறங்கும் வேளையில் மூக்கை உயர்த்த வலுப்போதாமல் முன்சக்கரம் தரையில் மோதவும் கூடும். மையம் பின்னே மிகுந்தால் வரும் இடர் இதனினும் கொடியது. மூக்கு தானே மேலெழும்பும். வலவன் அதனைத் தாழ்த்த முயன்றாலும் கட்டுக்கு அடங்காது. மூக்கு அளவுக்கு மீறி உயர, இறக்கையின் மேலே ஒழுங்காக ஓடிய காற்று பிரிந்து குலைந்துவிடும். தூக்குவிசை அற்றுப்போக, விமானம் வீழும். புறப்பட்ட சில வினாடிகளுக்குள் இது நிகழுமாயின் மீளுதற்கு வேண்டிய உயரமும் இராது.

இவ்வளவையும் தவிர்ப்பதற்கு முதற்படி, வெறும் விமானத்தை நிறுத்துப் பார்ப்பதாகும். விமானத்தைக் கழுவி, உள்ளே கிடக்கும் வேண்டாத பொருள்களை அகற்றி, எரிபொருளை விதிப்படி வடித்து, மூடிய கொட்டகையொன்றினுள்ளே நிறுத்துவர். கதவுகள் சாத்தப்படும், மின்விசிறிகளும் நிறுத்தப்படும். இறக்கையின் மேல் மெல்லிய காற்று வீசினாலும் அது சிறிது தூக்கத்தை உண்டாக்கி நிறையைக் குறைத்துக் காட்டிவிடும் அன்றோ? பின்னர் சக்கரங்களைத் தராசு மேடைகளின் மீது ஏற்றியோ, விமானத்தை ஜாக்கிகளின் மீது உயர்த்தி அவற்றின் தலையில் நிறையளக்கும் கருவிகளைப் பொருத்தியோ, மட்டம் பார்த்து நேராக நிறுத்தி, ஒவ்வோரிடத்திலும் தாங்கும் நிறையைத் தனித்தனியே குறிப்பர்.

ஒருமுறை நிறுத்தது என்றென்றைக்கும் போதாது. விமானமும் நாளடைவிற் பருக்கும். புதிய கருவிகள் பொருத்தப்படுகின்றன. பழுதுற்ற இடங்களில் தகடுகள் சேர்க்கப்படுகின்றன. எளிதில் எட்டாத மூலைகளில் தூசும் ஈரமும் தங்குகின்றன. பழைய பூச்சின்மேற் புதிய பூச்சு ஏறுகிறது; பெரிய விமானமொன்றின் மேற்பூச்சு மட்டுமே சில நூறு கிலோகிராம் நிறையுடையதாகும். ஆதலின் குறித்த கால எல்லைகளிலும், பெரிய பழுதுபார்ப்பு நிகழ்ந்த போதெல்லாமும் விமானம் மீண்டும் நிறுக்கப்படுகிறது.

நிறுத்த பின் வரும் கணக்கு பாடசாலை மாணவனுக்கும் எட்டக்கூடியதே. விமானத்தின் மூக்கினருகே ஒரு கற்பனைக் கோட்டைத் தொடக்கமாகக் கொள்வர். ஒவ்வொரு பாரமும் அக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளதோ, அத்தூரத்தால் அப்பாரத்தைப் பெருக்கினால் வருவது அதன் திருப்புதிறன். எல்லாத் திருப்புதிறன்களையும் கூட்டி, முழு நிறையால் வகுத்தால், புவியீர்ப்பு மையம் தொடக்கக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பது தெரிந்துவிடும்.

எளிமை கருதி எண்களை முழுமையாக்கி ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். முன்சக்கரம் கோட்டிலிருந்து 4 மீற்றர் தூரத்தில் 3,400 கிலோகிராமைத் தாங்குகிறது. நடுச்சக்கரங்கள் 14 மீற்றர் தூரத்தில் 30,600 கிலோகிராமைத் தாங்குகின்றன. முதலாவதன் திருப்புதிறன் 13,600. இரண்டாவதன் திருப்புதிறன் 4,28,400. இரண்டும் சேர்ந்து 4,42,000. முழு நிறையாகிய 34,000 கிலோகிராமால் வகுக்க வருவது 13. ஆகவே வெறும் விமானத்தின் மையம் 13 மீற்றர் தூரத்தில் உள்ளது.

இனி, 10,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டியொன்றை ஏற்றுவதாகக் கொள்வோம். அதன் நிறை சரியாக 13ஆவது மீற்றரில் நிற்குமாயின் மையம் அசைவதில்லை. அதே வண்டி இரண்டு மீற்றர் பின்னே, 15ஆவது மீற்றரில் நின்றால் அதன் திருப்புதிறன் 1,50,000. முன்னைய தொகையோடு கூட்ட 5,92,000. அதனை 44,000 கிலோகிராமால் வகுத்தால் ஏறத்தாழ 13.45 மீற்றர் வருகிறது. மையம் ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர், அதாவது ஒரு முழம், பின்னே சென்றுவிட்டது. விமானத்தின் முழு நிறையில் ஒரு கிராமும் கூடவில்லை. வண்டி நிற்கும் இடம் இரண்டு மீற்றர் மாறியதே காரணம். எல்லை முழுவதும் ஒரு மீற்றருக்கு உட்பட்டது என்பதை நினைத்தால், அந்த ஒரு முழத்தின் பெறுமதி விளங்கும்.

போர் விமானங்களில் இக்கணக்கிற்குப் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. லோட்மாஸ்டர் என வழங்கும் அவரைச் சுமையதிபர் எனலாம். ஏற்றப்படும் லொறியின் முன்னச்சும் பின்னச்சும் தனித்தனியே நிறுக்கப்பட்டு, அதன் புவியீர்ப்பு மையம் லொறியின் பக்கத்திலேயே குறியிடப்பட்டிருக்க வேண்டும். அக்குறி விமானத் தளத்தில் எந்த எண்ணுக்கு நேரே வரவேண்டும் என்பதைச் சுமையதிபர் கணித்து, அங்குலக் கணக்கில் லொறியை நிறுத்துவிப்பார். வான்குடையுடன் குதிக்கும் வீரர்கள் பின்கதவை நோக்கி வரிசையாக நகரும்போது மையமும் அவர்களுடன் நகரும். பறக்கும் விமானத்தின் பின்வாயிலால் பாரமொன்றைக் கீழே விடும்போது, அது உருண்டு வெளியேறும் வரை மையம் பின்னோக்கி ஓடி, வெளியேறியதும் முன்னே மீளும். அச்சிறு பொழுதை எதிர்பார்த்து வலவன் ஆயத்தமாயிருப்பான்.

பாரத்தின் மொத்த அளவும் எல்லா இடத்திலும் ஒன்றாயிருப்பதில்லை. வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது. உயர்ந்த இடத்துக் காற்றும் அவ்வாறே. அடர்த்தி குறைந்தால் இறக்கையின் தூக்குவிசையும் இயந்திரத்தின் வலுவும் குறையும். 2015ஆம் ஆண்டு ஏப்பிரலில் நேபாளத்தில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது, இலங்கை விமானப்படையின் ஹேர்க்குலிஸ் விமானம் மீட்புப் பணியாளரை ஏற்றிக்கொண்டு காத்மாண்டு சென்றது. கொழும்பு கடல்மட்டத்தில் உள்ளது. காத்மாண்டு விமான நிலையமோ 1,300 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. கடற்கரை ஓடுபாதையில் எளிதாக எழும் பாரத்தை அங்கே அதே எளிமையுடன் எழுப்ப முடியாது. இறங்கும் இடத்தையும் மீண்டு எழும் இடத்தையும் எண்ணியே புறப்படும் இடத்தின் பாரம் முடிவு செய்யப்படுகிறது.

எரிபொருளும் ஒரு பாரமே என்பதை இலங்கையின் வரலாற்றிலிருந்தே காட்டலாம். இரண்டாவது உலக யுத்தத்தில் யப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியதனால் அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடைப்பட்ட வான்வழி அறுந்தது. அதனை இணைப்பதற்காக 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனத்தின் கற்றலினாக் கடல்விமானங்கள் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து காலிக்கு அண்மையில் உள்ள கொக்கலை வாவிக்கு இடைநில்லாது பறந்தன. இந்து சமுத்திரத்தைக் கடக்க இருபத்தேழு மணி முதல் முப்பத்திரண்டு மணிக்கு மேலும் சென்றது. பயணிகள் ஒரே பயணத்தில் இரு சூரியோதயங்களைக் கண்டனர். இவ்வாறு இருநூற்று எழுபத்தொரு முறை அக்கடல் கடக்கப்பட்டது.

அந்நெடுந்தூரத்திற்கு 1,988 கலன் எரிபொருள் வேண்டியிருந்தது. அதன் நிறை மட்டுமே ஆறு தொன்னுக்கு மேற்பட்டது. அதற்கு இடந்தருவதற்காக இன்றியமையாதன அல்லாத கருவிகள் யாவும் கழற்றப்பட்டன. எஞ்சிய சுமைக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1,000 இறாத்தல், அஃதாவது ஒன்பது அந்தருக்குச் சற்றுக் குறைவு. மூன்று பயணிகளும் ஏறத்தாழ 150 இறாத்தல் தபாலும் ஏற்றியதுடன் அது முடிந்தது. பின்னர் இத்துறையில் ஈடுபடுத்தப்பட்ட லிபரேற்றர் விமானங்கள் இதனினும் குறுகிய வழியில் பதினேழு மணி நேரத்திற் கடந்து, 5,500 இறாத்தல் சுமையைக் கொணர்ந்தன. எரிபொருளைக் கூட்டினால் சுமையைக் குறைக்க வேண்டும். சுமையைக் கூட்டினால் தூரத்தைக் குறைக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே கூட்டித் தப்பிய விமானம் இல்லை.

கணக்கு எத்துணை நுட்பமாயினும், அதிற் புகும் எண் பொய்யாயின் விடையும் பொய்யாகும். 1985 டிசம்பர் 12ஆம் நாள் கனடாவின் நியூபவுண்லாந்துத் தீவிலுள்ள காண்டர் என்னும் இடத்தில் டீ.சீ-8 விமானமொன்று எழுந்த சிறிது நேரத்தில் வீழ்ந்தது. சினாய்ப் பகுதியில் அமைதி காக்கும் பணியை முடித்து, நத்தார்ப் பண்டிகைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த 248 அமெரிக்கப் படைவீரரும் விமானப் பணியாளர் எண்மரும் உயிரிழந்தனர். காரணம்பற்றி ஆராய்ந்த சபையினர் கருத்தொருமிக்கவில்லை. பெரும்பான்மையினர் இறக்கையிற் படிந்த பனியைக் குறித்தனர். ஏனையோர் அதை ஏற்கவில்லை. ஆயினும் ஆராய்ச்சியில் ஓர் உண்மை வெளிப்பட்டது. பாரச் சீட்டில் ஆள் ஒருவருக்கு 170 இறாத்தல் என்று சராசரியாக எழுதப்பட்டிருந்தது. ஆயுதமும் உபகரணமும் தாங்கிய படைவீரர் ஒருவரின் உண்மை நிறையோ 220 இறாத்தலை ஒட்டியதாக மதிப்பிடப்பட்டது.

ஒருவருக்கு 50 இறாத்தல் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். 248 பேருக்கு அது 12,400 இறாத்தல். ஐந்தரைத் தொன்னுக்கு மேல். விமானம் எந்த வேகத்தை அடைந்ததும் தரையை விட்டு எழவேண்டும் என்பது அதன் நிறையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. நிறையைக் குறைத்து எழுதினால் வேகமும் குறைவாகவே கணிக்கப்படும். இலேசான ஆடையணிந்த பயணிகளுக்குப் பொருந்தும் சராசரி, மூட்டை தாங்கிய போர்வீரருக்குப் பொருந்தாது. ஐயமுள்ள இடத்தில் ஆளையும் அவன் பையையும் தராசில் ஏற்றுவதே முறை.

எண் சரியாகவும், இடம் சரியாகவும் இருந்து, கட்டு தளர்ந்ததால் நேர்ந்த அழிவும் உண்டு. 2013 ஏப்பிரல் 29ஆம் நாள் ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து போயிங் 747 சரக்கு விமானமொன்று இராணுவக் கவச வாகனங்கள் ஐந்தை ஏற்றிக்கொண்டு துபாய் நோக்கி எழுந்தது. அவற்றுள் மூன்று பதினெட்டுத் தொன் நிறையுடையன. ஏனைய இரண்டும் பன்னிரண்டு தொன் நிறையுடையன. எழும் வேளையில் வாகனமொன்றாவது கட்டறுத்துப் பின்னோக்கி நகர்ந்து, விமானத்தின் பின்சுவரைத் துளைத்து, வாற்பகுதியை இயக்கும் பொறிகளைச் சிதைத்தது. மூக்கு வானோக்கி நிமிர, விமானம் செயலற்று வீழ்ந்தது. அதிலிருந்த எழுவரும் மாண்டனர். கட்டியிருந்த பட்டிகள் எண்ணிக்கையிலும் முறையிலும் அவ்வாகனங்களைத் தாங்கப் போதாதவை என ஆராய்ச்சி கூறியது.

இதனாலன்றோ போர் விமானங்களிற் பாரங்கட்டுதலுக்குத் தனி விதிகள் உள்ளன. அமெரிக்கப் படையினரின் விதிப்படி, ஒரு பாரத்தைக் கட்டும் சங்கிலிகள் அது முன்னோக்கிப் பாயும்போது அதன் நிறையின் மூன்று மடங்கையும், மேலெழும்பும்போது இரு மடங்கையும், பின்னோக்கியும் பக்கங்களிலும் நகரும்போது ஒன்றரை மடங்கையும் தாங்க வல்லனவாதல் வேண்டும். பன்னிரண்டு தொன் வாகனமொன்றின் முன்னோட்டத்தைத் தடுக்க முப்பத்தாறு தொன் வலிமை வேண்டும் என்பது இதன் பொருள். பாரத்தை உரிய இடத்தில் வைப்பது பாதிவேலை. பயணம் முடியும் வரை அது அவ்விடத்திலேயே நிற்கச் செய்வது மறுபாதி.

எல்லாம் முடிந்த பின், வெறும் விமானத்தின் நிறை, பணியாளர், எரிபொருள், சுமை, அவை ஒவ்வொன்றின் இடம், இறுதியில் வரும் மையம் ஆகிய அனைத்தும் ஒரு தாளில் நிரல்பட எழுதப்படுகின்றன. அக்கணக்கைக் கணனி நொடிப்பொழுதிற் செய்து முடிக்கும். ஆனால் லொறியிலே யாரோ இறுதி வேளையில் ஏற்றிய இரண்டு பெட்டிகளைக் கணனி அறியாது. சொல்லப்பட்ட நிறையையே அது நம்பும். ஆகவேதான் சுமையதிபர் சுமையை நேரிற் பார்த்து, ஐயுற்றதை மீண்டும் நிறுத்து, சங்கிலிகளைக் கையால் இழுத்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுகிறார். விமானத் தலைவனும் அதைப் படித்து ஒப்பமிடுகிறான். அத்தாளில் எழுதப்பட்ட எண்கள் மெய்யாயின் விமானம் வலவனின் கைக்கு அடங்கி நடக்கும். அவை பொய்யாயின், எத்துணை வலிய இயந்திரமும் எத்துணைத் தேர்ந்த வலவனும் அப்பொய்யை வானிலே திருத்த வல்லரல்லர்.